கப்பலைச் சூரியனுக்குள்ள விட்ட தொடருக்கு இத்தனை தோரணமா? (கேலக்டிகா: பழசு / புதுசு)

பழையபெட்டி
பக்கத்துத் திரியில விண்வெளிப் போர்த் தொடர்களுக்குப் பட்டியல் போட்டுக்கிட்டிருக்காங்க. அங்க நம்ம அடாமாதாசன் அருள்வாக்கு சொல்லியிருக்கார்: 2003-ல திரும்ப எடுத்த பேட்டில்ஸ்டார் கேலக்டிகா "முதல் காட்சியிலேர்ந்து கடைசிக் காட்சி வரைக்கும் குறையே இல்லாத தொடர்". 1978-ல வந்தது "ஸ்டார் வார்ஸைப் பார்த்துச் செஞ்ச பொம்மைக் கடை". அங்கேயே பதில் போட்டா திரி திசைமாறுதுன்னு மட்டுறுத்துனர் வெட்டிடுவார். அதனால தனித் திரி.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. கடைசிப் பாகம், 2009 மார்ச். சைலான்கிற இயந்திர எதிரிங்ககிட்டேயிருந்து தப்பிச்சு, நாலு சீசனா கப்பல் கூட்டமா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்த ஜனம் பச்சையா ஒரு கிரகத்தைப் பார்க்குது. உடனே என்ன செய்யுது? இருக்கிற கப்பல் அத்தனையையும் ஆண்டர்ஸ்ங்கிற பாத்திரத்தோட பொறுப்புல விட்டு, நேரா சூரியனுக்குள்ள அனுப்பி வைக்குது. முப்பதாயிரத்துக்கும் மேல ஆளுங்க. அதுல ஒருத்தர்கூடவா "எம்புள்ளைக்கு ஆஸ்துமா, ஆஸ்பத்திரி இருக்கிற கப்பலை மட்டுமாவது விட்டு வைங்க"ன்னு கேக்க மாட்டாங்க? குறையே இல்லாத தொடராம்.

அடாமாதாசன்
வந்துட்டார் ஐயா. இவர் திரி தொடங்கி ரொம்ப நாளாச்சேன்னு நினைச்சேன்.

தொடரோட மையமே "இதெல்லாம் முன்னாடியும் நடந்தது, இனியும் நடக்கும்" என்கிறதுதான். மனுஷன் இயந்திரம் செய்வான், அது திருப்பி அடிக்கும், உலகம் அழியும், மிச்சம் இருக்கிறவன் மறுபடி இயந்திரம் செய்வான். அந்தச் சுழலை அறுக்கணும்னா எங்கேயாவது நிறுத்தித்தான் ஆகணும். தளபதி அடாமாவோட மகன் லீ அதைத்தான் சொல்றான். நம்ம அறிவு ஓடின வேகத்துக்கு மனசு ஓடலைன்னு. கேலக்டிகா போர்க்கப்பலுக்கோ முதுகெலும்பே முறிஞ்சு போச்சு, இனி ஒரு விண்வெளித் தாவல்கூடத் தாங்காது. சாமான்செட்டுகளை இறக்கிப் பிரிச்சுக் குடுத்துட்டுத்தான் கப்பல்களை அனுப்பறாங்க. காட்சியைப் பார்த்துட்டுப் பேசுங்க.

"33" பாகத்துக்கு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது. தொடருக்குப் பீபடி விருது. 2009 மார்ச் 17-ம் தேதி ஐக்கிய நாடுகள் சபையே நடிகர்கள் ஓல்மோஸையும் மெக்டானலையும், புதுத் தொடரை உருவாக்கின ரொனால்ட் மூரையும் கூப்பிட்டு மனித உரிமை பத்திப் பேச வெச்சுது. உங்க 1978 தொடரை யார் கூப்பிட்டா?

பழையபெட்டி
ஐ.நா. கூப்பிட்டா கப்பல் சூரியன்லேர்ந்து திரும்பி வந்துடுமா?

முதுகெலும்பு முறிஞ்சது கேலக்டிகாவுக்கு. மத்தக் கப்பலுக்கெல்லாம் என்ன வந்துச்சு? காய்ச்சலா? அந்தக் கூட்டத்தோட குணம் தெரியாதவன்கிட்ட இந்தக் கதையை விடுங்க. தண்ணித் தொட்டி வெடிச்சப்ப அடிச்சுக்கிட்டாங்க. மருந்தைக் கள்ளச் சந்தையில வித்தாங்க. மூணாவது சீசன்ல டிலியம் எரிபொருள் கப்பல்ல வேலைநிறுத்தம், அதை நிறுத்தச் சொல்லி வேலைநிறுத்தத் தலைவன் டைரலோட பொண்டாட்டியைச் சுட்டுடுவேன்னு அடாமாவே மிரட்டறார். நாலாவது சீசன்ல சைலான்காரன் வந்து எங்க கப்பல் இன்ஜினைத் தொடக் கூடாதுன்னு கலகமே வெடிச்சுது. கலகத்தை நடத்தின கேட்டாவும் ஜாரெக்கும் அதுக்காகத்தான் சுடப்பட்டாங்க. இன்ஜினை இன்னொருத்தன் தொடறதுக்கே ரத்தம் சிந்தின ஜனம், கொஞ்ச நாள்ல அதே இன்ஜினைச் சூரியனுக்குக் குடுத்துட்டுக் கையை வீசிக்கிட்டுப் புல்வெளியில நடக்குது. ஓட்டெடுப்பு உண்டா? கிடையாது. கூட்டத்தைக் காட்டினாங்களா? கிடையாது. எழுதினவங்களுக்கே உறுத்தியிருக்கு பாருங்க, வக்கீல் லாம்ப்கின் வாயாலேயே "எல்லாரும் இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டது ஆச்சரியமா இருக்கு"ன்னு சொல்ல வெச்சிருக்காங்க. ஓட்டையை அடைக்காம அதுமேல பலகை மாட்டி வெச்ச மாதிரி.

கமலி
பெட்டி சார், சுத்தி வளைக்க வேணாம். உங்களுக்கு உண்மையில வலிக்கிறது சூரியன் இல்லை. ஸ்டார்பக் பொண்ணானதுதான். சுருட்டும் சூதாட்டமுமா அலைஞ்ச ஆம்பளைப் பாத்திரத்தைக் கேட்டீ சாக்காஃப் வாங்கித் தூக்கிச் சாப்பிட்டுட்டாங்க. பழைய ஸ்டார்பக் டர்க் பெனடிக்ட் கட்டுரையே எழுதிப் புலம்பினார். அவருக்கு நீங்க தமிழ்க் கிளை.

பழையபெட்டி
சாக்காஃப் நடிப்பைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பா எழுதினதைக் காட்டுங்க. மூணு வருஷமா இந்தக் குழுமத்துல இருக்கேன், தேடிப் பாருங்க. எனக்கு அந்தப் பொண்ணு பிடிக்கும். அதனாலதான் கோபமே. செத்து, திரும்பி வந்து, தன் பிணத்தைத் தானே எரிச்சு, கடைசியில வயல்வெளியில லீ திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள காத்துல கரைஞ்சு போறா. யார் அவ? தேவதையா, ஆவியா? பதில் கிடையாது. கப்பல் சூரியன்ல, ஸ்டார்பக் காத்துல. கேட்டா தத்துவம்.

கமலி
எல்லாத்துக்கும் விளக்கவுரை போட்டுக் குடுக்கணும்னா நீங்க பரீட்சை நோட்ஸ்தான் படிக்கணும். அப்புறம், பழைய தொடர்ல கறுப்பின நடிகர்கள் செஞ்ச டை, பூமர் ரெண்டு பாத்திரமுமே புதுசுல மாறிடுச்சு. அதுக்கு யாரும் கட்டுரை எழுதலை. ஸ்டார்பக்குக்கு மட்டும் ஒப்பாரி. ஏன்னு நீங்களே யோசிங்க.

பழையபெட்டி
அதை மூர்கிட்ட கேளுங்க. என்கிட்ட ஏன்?

மதுரை மணி
பாப்கார்னோட ஆஜர். 🍿 பெட்டி அண்ணே, உங்க பழைய தொடரோட முடிவை மட்டும் பேசவே மாட்டேங்கிறீங்களே? 1980-ல "கேலக்டிகா 1980"னு பூமிக்கு வந்து இறங்கினாங்க. பறக்கிற மோட்டார் சைக்கிள்! பத்துப் பாகத்துல ஏபிசி சேனல்காரனே கடையைச் சாத்திட்டான். சூரியன்ல விட்டது பரவாயில்லண்ணே, அந்த பைக்கைத்தான் விட்டிருக்கணும்.

பழையபெட்டி
1980-ஐ நான் கணக்குலயே சேர்க்கிறதில்லை, உலகத்துல யாரும் சேர்க்கிறதில்லை. 1978 தொடர் 24 பாகம், அதோட முடிஞ்சுது. கடைசிப் பாகத்தோட கடைசிக் காட்சி தெரியுமா தம்பி? அப்பல்லோ 11 நிலாவுல இறங்கின ஒளிபரப்பு அவங்க திரையில வருது. ஆனா அதுக்குள்ள அவங்க அறையை விட்டு இறங்கிப் போயிட்டாங்க, யாருமே பார்க்கலை. வசனமே இல்லாம அரை நிமிஷத்துல சொன்ன அந்த ஏமாத்தத்துக்கு உங்க மூர் மூணு மணி நேரம் எடுத்துக்கிட்டும் ஈடு குடுக்க முடியலை. சவுதியில வேலை பார்த்தப்போ வீடியோ கேசட்ல பார்த்தேன், இன்னைக்கும் கண்ணுல நிக்குது.

அடாமாதாசன்
கண்ணுல நிக்கும். ஒரே வைப்பர் போர் விமான ஷாட்டைப் பாகத்துக்குப் பத்துத் தடவை திருப்பித் திருப்பிப் போட்டா யார் கண்ணுலயும்தான் நிக்கும். ரோபோ நாய்னு சொல்லி சிம்பன்ஸிக்கு நாய்த்தோல் மாட்டி ஓட விட்ட தொடரை வெச்சுக்கிட்டு "உறுத்தல்" பேசறீங்க. ஸ்டார் வார்ஸ் காப்பின்னு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வழக்குப் போட்டது நான் கட்டினதா?

பழையபெட்டி
வழக்குப் போட்டான். தீர்ப்பு வந்து ஜெயிச்சானா? அதைச் சொல்லுங்களேன். ஸ்டார் வார்ஸுக்கு விண்கலக் காட்சி செஞ்ச ஜான் டிக்ஸ்ட்ராவே இங்கேயும் வேலை செஞ்சார். ஒரே கைப்பக்குவம் ரெண்டு இடத்துல இருக்கும்தான். நாயைப் பத்திப் பேசற நீங்க சூரியனைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டேங்கிறீங்க, கவனிச்சீங்களா?

நிலவன்
நண்பர்களே, ரீபூட் வேற, ரீமேக் வேற, தொடர்ச்சி வேற. எதை எதோட ஒப்பிடறோம்னு முதல்ல வரையறுத்துக்கிட்டா பாதிச் சண்டை குறையும்னு தோணுது.

மதுரை மணி
நிலவன், நீங்க அந்த ஓரமா உட்காருங்க.

டொரண்டோ குகன்
எல்லாருக்கும் வணக்கம். நான் இதை 2005 தொடக்கம் இஞ்ச கனடாவில ஸ்பேஸ் சேனல்ல பாத்தனான். வன்கூவர்ல எடுத்த தொடர் எண்டபடியால் இஞ்ச ஒரு தனிப் பெருமையும் இருந்தது.

சூரியன் கதையில எனக்கும் ஒரு வில்லங்கம் இருக்கு. 95 ஒக்டோபர் கடைசியில யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்ட சனத்தில நாங்களும் ஒரு குடும்பம். அந்த ரோட்டில ஆர் எதை எறிஞ்சவை? தையல் மெஷினைச் சைக்கிள்ல கட்டிக்கொண்டு வந்த ஆக்களைப் பாத்தனான். பிறகு காம்பில ஒரு துண்டுத் தறப்பாளுக்கு ரெண்டு குடும்பம் அடிபட்டதையும் பாத்தனான். ஓடி வந்த சனம் துருப்பிடிச்ச ஆணியையும் எடுத்து வைக்கும். "எல்லாத்தையும் விட்டிட்டுப் புதுசாத் தொடங்குவம்" எண்டு சொல்லுறவன் ஒருக்காலும் ஓடாதவனாத்தான் இருப்பான். அந்தக் காட்சியை எழுதின ஆக்களைப் பற்றித்தான் சொல்லுறன்.

பழையபெட்டி
குகன் தம்பி, நூத்துல ஒரு வார்த்தை. இதைத்தான் நான் காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன். அனுபவப்பட்டவர் சொல்லிட்டார். தாசன், இப்பவாவது பதில் உண்டா?

டொரண்டோ குகன்
அண்ணை, என்னை உங்கட பக்கம் இழுக்காதேங்கோ. எனக்குப் புதுசுதான் பெரிசு. மூண்டாவது சீசன் தொடக்கத்தில நியூ காப்ரிக்கா கிரகம் வருகுது தானே? சைலான் ஆட்சிக்குள்ள சனம் கூடாரத்தில கிடக்குது, எங்கட ஆக்களே அவங்களுக்குப் பொலிஸ் வேலை செய்யினம், கர்னல் டை மனிதக் குண்டை அனுப்பிறார். 2006-ல, ஈராக்கில அமெரிக்கன் நிக்கிற நேரத்தில, ஒரு அமெரிக்கத் தொடர் ஆக்கிரமிப்புக்கு உள்ள இருக்கிற சனத்தின்ர இடத்தில தன்னை வைச்சுப் பாத்தது. அது சரியோ பிழையோ எண்டு அவையளுக்குள்ளேயே சண்டை பிடிக்க விட்டது. 1978-ல அப்பிடி ஒரு நிமிசம் இருக்கோ? பகிடிக்குச் சிரிக்கிற ஸ்டார்பக்கும் கசினோவும்தான் இருக்கு.

அடாமாதாசன்
குகன், நியூ காப்ரிக்கா பத்தி நீங்க எழுதினதுக்குக் கும்பிடு. ஆனா முதல் பதிவுல சொன்னதுல எனக்கு உடன்பாடில்லை. உங்க ஜனம் ஓடினது சில நாள், சில மாசம். இவங்க வருஷக்கணக்கா தகரப் பெட்டிக்குள்ள அடைபட்டுக் கிடந்தவங்க. வெளிய வந்தவனுக்கு அந்தப் பெட்டியைத் திரும்பப் பார்க்கவே பிடிக்காது. அது மனோதத்துவம்.

டொரண்டோ குகன்
சில மாசமோ? தம்பி, நீங்கள் எந்த ஊர்?

கமலி
தாசன், அந்த வரியை எடுத்துடுங்க. நான் உங்க கட்சிதான், ஆனா அது அசிங்கமா இருக்கு.

அடாமாதாசன்
நான் தொடர்ல வர்ற ஜனத்தை ஒப்பிட்டுத்தான் சொன்னேன். எல்லாத்தையும் தனிப்பட்ட விஷயமா எடுத்துக்கிட்டா எப்படிப் பேசறது? கதை வேற, நிஜம் வேற.

பழையபெட்டி
ஆகா! இப்போ கதை வேற, நிஜம் வேறயா? ஐ.நா. சபை கூப்பிட்டப்போ மட்டும் ரெண்டும் ஒண்ணா? உங்க ரொனால்ட் மூர் ஸ்டார் ட்ரெக்ல வருஷக்கணக்கா எழுதிட்டு வெளிய வந்து, "இயல்பான அறிவியல் புனைவு எடுக்கப் போறேன், மனுஷன் மனுஷனா நடந்துப்பான்"னு சொல்லித்தானே இந்தக் கடையைத் திறந்தார்? கேமராவைத் தோள்ல வெச்சு ஆட்டினது, தாளோட நாலு மூலையையும் வெட்டினது, எல்லாம் நிஜம் மாதிரி இருக்கணும்னுதானே? தாள் மூலைக்கு எடுத்துக்கிட்ட அக்கறையைக் கப்பலுக்கு எடுத்துக்கலையே.

அடுத்தது, இதுக்கும் பதில் வேணும். தொழில்நுட்பமே வேணாம், சுழலை அறுக்கிறோம்னு சொல்றாங்க. சரி. அப்போ சென்ச்சூரியன் ரோபோக்களுக்கு மட்டும் ஒரு பேஸ்ஸ்டார் கப்பலைக் குடுத்து "போய்ட்டு வாங்கப்பா"ன்னு வழியனுப்பினது ஏன்? மனுஷனைக் கூண்டோட அழிச்ச இயந்திரத்துக்குக் கப்பல், ஆயுதம், தாவல் இன்ஜின். மனுஷனுக்குக் கோவணமும் ஈட்டியும். நாளைக்கு அவன் திரும்பி வந்தா எதைக் காட்டி மிரட்டுவாங்க? விஞ்ஞானி பால்டாரோட விவசாயத்தையா?

அடாமாதாசன்
அது நம்பிக்கை. அவங்களுக்கு விடுதலை குடுத்தாத்தான் பகை முடியும். அந்தப் பயம் காட்சியிலயே பேசப்படுது, துணிஞ்சுதான் விடறாங்க. 1,50,000 வருஷம் கழிச்சு நியூயார்க் தெருவைக் காட்டறப்போ அவங்க திரும்பி வரலைதானே?

பழையபெட்டி
வரலைன்னா குருட்டு அதிர்ஷ்டம். திட்டம்னு சொல்ல முடியுமா? ஓ, "திட்டம்"னதும் ஞாபகம் வருது. பாகத்துக்குப் பாகம் தலைப்புல ஓட்டினாங்களே, சைலான்கள்கிட்ட "ஒரு திட்டம் இருக்கு"ன்னு. என்ன திட்டம்? அதே பேர்ல 2009-ல ஒரு படமே எடுத்தும் சொல்லலை.

மதுரை மணி
இது நல்ல கேள்வி. தாசன் சார், திட்டம் என்ன சார்? 😂

அடாமாதாசன்
மணி, போன தடவை பாபிலோன் 5 திரியில பார்க்காமலே கருத்து சொல்லி மாட்டிக்கிட்டது நீங்கதானே? உங்களுக்கு நான் பதில் சொல்றதா இல்லை.

மதுரை மணி
பாதி பார்த்தேன்னு அங்கேயே சொன்னேன். பாதி பார்த்தவனுக்கும் கண்ணு ரெண்டுதான்.

வெங்கட்ராமன்
யாருமே இதைச் சொல்லலையேன்னு ஆச்சரியமா இருக்கு. புதுத் தொடரோட தலைப்பு இசையில வர்றது காயத்ரி மந்திரம். ரிக் வேதம்! அமெரிக்கத் தொடர்ல நம்ம மந்திரம் ஒலிக்குதுன்னா எவ்வளவு பெருமை. பியர் மெக்ரியரி என்ற மேதை இசையமைச்சது.

கமலி
தலைப்பு இசை ரிச்சர்ட் கிப்ஸ். தொடருக்குள்ள வர்ற டைகோ முரசும் டுடுக் குழலும் மெக்ரியரி. பெருமைப்படறதுக்கு முன்னாடி யாரைப் பாராட்டறோம்னாவது பார்க்கலாம்.

வெங்கட்ராமன்
யாரா இருந்தா என்னம்மா, மந்திரம் நம்மோடது.

மதுரை மணி
சார், அந்தக் கதையில கும்பிடறதெல்லாம் கிரேக்க சாமி. அப்பல்லோ, அதீனா, ஜீயஸ். நம்ம மந்திரத்தைப் போட்டுட்டுப் பூசை அவங்களுக்குப் பண்ணியிருக்காங்க. எப்படிப் பெருமைப்படறது?

பழையபெட்டி
அது சூரியனை நோக்கிச் சொல்ற மந்திரம்தானே? பரவாயில்லை. எங்க கொண்டு போய் முடிக்கப் போறோம்னு தலைப்புலயே சொல்லிட்டாங்க போல.

வெங்கட்ராமன்
வேதத்தைக் கிண்டல் பண்றதுக்கு இந்தத் திரியா? மட்டுறுத்துனர் கவனிக்கவும்.

நிலவன்
வரையறைக்கு யாராவது...

அடாமாதாசன்
பெட்டி அவர்களே, கடைசியா ஒண்ணு சொல்லிட்டு நான் விலகறேன். ரிச்சர்ட் ஹாட்ச் உங்க பழைய தொடர்ல அப்பல்லோவா நடிச்சவர். பழைய தொடரைத் தொடரணும்னு 1999-ல சொந்தக் காசைப் போட்டு முன்னோட்டப் படமே எடுத்தவர். புதுசை எடுக்கறாங்கன்னதும் பகிரங்கமா எதிர்த்தார். அப்படிப்பட்டவரே பின்னாடி வந்து டாம் ஜாரெக்கா நடிச்சு, 2017-ல சாகிற வரைக்கும் அதைப் பெருமையாச் சொன்னார். அப்பல்லோவே சமாதானமாயிட்டார். நீங்க எந்த மூலைக்கு?

பழையபெட்டி
அந்த ஜாரெக்கை எதுக்குச் சுட்டாங்கன்னு மேல எழுதியிருக்கேன், போய்ப் படிங்க. எங்க கப்பல் எங்களுக்குன்னு கேட்டதுக்கு. அவர் பிழைச்சிருந்தா அந்தக் கடைசிக் கூட்டத்துல எழுந்து நின்னு "யாரைக் கேட்டு விடறீங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருப்பார். அதுக்காகவே அவரை முன்கூட்டியே தீர்த்துக் கட்டிட்டாங்கன்னு நான் நினைக்கிறேன்.

கமலி
மக்கள் பிரதிநிதிகள் மன்றக் குழு மொத்தத்தையும் நிக்க வெச்சுச் சுடச் சொன்ன ஜாரெக்கைப் போய் ஜனநாயகக் காவலர் ஆக்கிட்டீங்களே. உங்களோட பேசறதுக்குச் சுவரே தேவலாம்.

பழையபெட்டி
பேசாதீங்க. கப்பலைத் திருப்பித் தாங்க, போதும்.

டொரண்டோ குகன்
தாசன் இன்னும் எந்த ஊரெண்டு சொல்லேல்லை.

புதுமுகம் தீபக்
வணக்கம். இந்தத் திரியைப் படிச்சுட்டு ஆர்வமாகி நேத்து ராத்திரி "33" பாகம் பார்த்தேன். 33 நிமிஷத்துக்கு ஒரு தடவை சைலான் வர்றது, தூக்கமே இல்லாம ஓடறது, ஜனம் இருக்கோ இல்லையோன்னு தெரியாத அந்தக் கப்பலைச் சுடறது, மிரட்டல்! முடிவை நீங்களே சொல்லிட்டீங்க, பரவாயில்லை. இதே தொடரோட ரேசர் படத்தை எப்போ பார்க்கணும்? ரெண்டாவது சீசன் நடுவுலயா, மூணாவது முடிச்சுட்டா?

அடாமாதாசன்
"33"-லேர்ந்து ஆரம்பிச்சீங்களா? அதுக்கு முன்னாடி 2003 டிசம்பர்ல வந்த குறுந்தொடர் இருக்கு, அதைப் பார்க்காம உள்ள போகவே கூடாது. கேலக்டிகா ஏன் தப்பிச்சுது, கம்ப்யூட்டர்களை ஏன் ஒண்ணோட ஒண்ணு இணைக்காம வெச்சிருக்காங்க, எல்லாம் அதுலதான். ரேசர் மூணாவது சீசனுக்கு அப்புறம். 2007 நவம்பர்ல வந்தது, வந்த வரிசையிலதான் பார்க்கணும்.

கமலி
தப்பு. கதை நடக்கிறது பெகாசஸ் கப்பல் காலத்துல, அட்மிரல் கெய்ன் பாகங்கள் முடிஞ்ச சூட்டோட பார்த்தாத்தான் உறைக்கும். ரெண்டாவது சீசன் நடுவுலயே பாருங்க தீபக்.

அடாமாதாசன்
நடுவுல பார்த்தா ஸ்டார்பக்கைப் பத்தி அதுல வர்ற கடைசி எச்சரிக்கை மூணாவது சீசனைக் கெடுத்துடும். இது அடிப்படை. நீங்களா இப்படிச் சொல்றீங்க?

கமலி
நாலு சீசன் முடிவையும் திரியிலயே போட்டு உடைச்சாச்சு, இனி எது கெடப் போகுது?

பழையபெட்டி
தீபக் தம்பி, ரேசரே வேணாம். 1978 பெட்டி எங்கயாவது கிடைக்குதான்னு பாருங்க.

மதுரை மணி
1980 பெட்டி என்கிட்ட இருக்கு தீபக், பைக்கோட.

அடாமாதாசன்
மூணாவது சீசனுக்கு அப்புறம், தீபக். நான் சொல்றதைக் கேளுங்க.

கமலி
ரெண்டாவதுக்கு நடுவுல.